ஒரு குழித் தோட்டம்: பள்ளியில் காய் விளைந்தால் பிள்ளைகளுக்கு என்ன விளையும்?

கடைமடை டீச்சர் | ஜூலை 14, இரவு 9.40

மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை 45 பிள்ளைகள், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகள். சென்ற ஆண்டு தோட்டம் போட்டோம், தோற்றோம். இந்த ஆண்டு மறுபடி இறங்குவதா, பேசாமல் இருந்துவிடுவதா என்று கேட்கத்தான் இந்த இழை.

தோற்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முதலில் நட்டது செடியை இல்லை, பெயர்ப்பலகையை. விதைக்கு ஆன செலவைவிடப் பலகைக்கு ஆனது அதிகம். பார்வைக்கு வந்தவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடியில் தரைமட்டமாகப் பாத்தி கட்டிக் கத்தரி, வெண்டை, தக்காளி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்தோம். ஐப்பசி அடைமழையில் எங்கள் களிமண்ணில் நான்கு நாள் தண்ணீர் வடியாமல் நின்றது. வேர் அழுகிப் பாதி போயிற்று. மிச்சத்தை அரையாண்டு விடுமுறையில் ஆடுகள் வந்து முடித்துவைத்தன. பலகை மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் மேல் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும்.

பிறகும் ஏன் இந்த ஆசை என்றால், ஒரு நாள் ஆறாம் வகுப்பில் கேட்ட கேள்வி. "இன்றைக்குச் சாம்பாரில் கிடந்த கத்தரிக்காய் எந்த ஊரில் விளைந்தது?" கடைத்தெரு, மினி லாரி, சத்துணவுக் கூடம் என்று எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் "ஒட்டன்சத்திரம்" என்று எழுதினாள். அவள் அப்பா மன்னார்குடிச் சந்தையில் மூட்டை இறக்குகிறவர்.

இந்தப் பிள்ளைகளுக்கு நெல் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாற்றுப் பறியும் நடவும் மருந்தடியும் எனக்குச் சொல்லித்தருவார்கள். பயிரின் நிறத்தைப் பார்த்தே யூரியா போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லும் பையன் ஒருவன் இருக்கிறான். ஆனால் கத்தரிப்பூ ஊதா என்பது அவனுக்குத் தெரியாது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தட்டில் இருக்கும் காய் முழுவதும் லாரியில் வந்தது. இதைப் பாடமாக்காமல் ஒளிச்சேர்க்கைப் படம் வரையச் சொல்வது எனக்கே சலித்துவிட்டது.

அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். திட்ட வேண்டும் என்றாலும் திட்டுங்கள்.

வெண்ணாற்றான் | ஜூலை 15, காலை 5.50

டீச்சர், எத்தனை பெரிய இடத்தில் போட்டீர்கள் என்று எழுதவில்லையே. அங்கேதான் கோளாறு இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

நீடாமங்கலம் பக்கம் விவசாயம் செய்கிறேன். நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு குழி போதும். நம் பக்கத்துக் குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. ஆனால் உங்கள் பிள்ளைகளின் தாத்தாக்கள் வாயில் இன்னும் இருக்கிறது. கயிற்றைக் கொடுத்து அவர்களையே ஒரு குழியை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மாவுக்கு எத்தனை சென்ட் என்று கேளுங்கள். 33 என்று விடை வரும்வரை விடாதீர்கள். கணக்கு வாத்தியாரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

அந்தக் குழிக்குள் 3 அடி அகலத்தில் மூன்று மேட்டுப்பாத்தி, நடுவில் ஒன்றரை அடியில் இரண்டு நடைபாதை. கூட்டிப் பாருங்கள், சரியாக 12. மூன்று அடிக்கு மேல் அகலம் வேண்டாம். சின்னப் பிள்ளையின் கை இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் பாத்திமேல் ஏறி மிதிப்பார்கள். களிமண்ணை ஒருமுறை மிதித்தால் செங்கல்தான். ஒரு முழ உயரம் தூக்கிவிடுங்கள். மட்கிய எருவும் கொஞ்சம் மணலும் சருகும் கலந்து கொட்டுங்கள். நடைபாதையே வடிகால்; அதன் வாய் தாழ்ந்த பக்கம் பார்த்து இருக்கட்டும்.

ஆட்டுக்கு மருந்து ஆடாதொடை. பெயரிலேயே இருக்கிறது. வாய்க்கால் கரையில் கிடைக்கும். போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நடுநடுவே நொச்சியும் ஊன்றுங்கள்.

செங்கரும்பு | ஜூலை 15, பிற்பகல் 1.15

திட்டச் சொன்னதால் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாகை மாவட்டத்துக்காரன். அம்மா நடவுக்குப் போனவர், அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். எங்கள் பள்ளியில் ஒரு தோட்டம் இருந்தது. யார் தண்ணீர் ஊற்றினோம் என்று எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள். மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். விளைந்த முருங்கைக்காய் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதும் நினைவிருக்கிறது.

1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, அடுத்த ஆண்டே காமராசர் முதலமைச்சரானதும் போயிற்று. அதை எதிர்த்தவர்கள் மண்ணை வெறுத்தவர்கள் இல்லை. மண்ணிலேயே கிட என்று தங்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதை வெறுத்தவர்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் இது. இங்கே ஒரு பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுப்பதும் பெங்களூரில் கொடுப்பதும் ஒன்றாகாது. அங்கே அது பொழுதுபோக்கு, இங்கே அது பரம்பரைச் சொத்து.

தோட்டம் போடுங்கள். ஆனால் யார் குனிகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

புது ஆறு | ஜூலை 15, இரவு 10.20

எதை எடுத்தாலும் இந்தப் பேச்சுதானா? வெளிநாட்டில் இதையே எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள்! 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு நடுநிலைப் பள்ளியில், தார் போட்டுக் கிடந்த இடத்தைப் பெயர்த்துத் தோட்டம் போட்டார்கள். ஆலிஸ் வாட்டர்ஸ் என்கிற உணவக உரிமையாளர் தொடங்கிவைத்தார். தோட்டத்தோடு சமையல் வகுப்பும் உண்டு. பிள்ளைகளே பறித்து, சமைத்து, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இன்றும் நடக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

மட்டுறுத்துநர் | ஜூலை 15, இரவு 10.45

"இந்தப் பேச்சுதானா" என்பதைத் தவிர்த்து எழுதலாம். செங்கரும்பு எழுதியது இழைக்கு நேரடியாகத் தொடர்புடையது. பெர்க்லித் தகவல் பயனுள்ளது, தொடருங்கள்.

கடைமடை டீச்சர் | ஜூலை 16, இரவு 8.05

செங்கரும்புக்கு முதலில். கோபமில்லை. சென்ற ஆண்டு ஒரு தாய் பள்ளிக்கே வந்துவிட்டார். "நான் குனிந்தது போதும் டீச்சர், அவளாவது நிமிர்ந்து உட்காரட்டும்" என்றார். நான் மழுப்பலாக ஏதோ சொல்லி அனுப்பினேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிய முறைப் பட்டியலில் 14 பெயர்கள், 11 பெண்பிள்ளைகள். நான் அப்படி நினைத்துப் போடவில்லை. "யார் ஊற்றுகிறீர்கள்" என்று கேட்டபோது எழுந்து நின்றவர்கள் அவர்கள். எழுந்து நிற்கப் பழக்கப்பட்டவர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

புது ஆறு சொன்ன பெர்க்லிச் செய்தியில் எனக்குப் பிடித்தது தார்த்தரை இல்லை, சமையல். தோட்டத்தில் விளைந்தது பிள்ளையின் தட்டுக்கு வராவிட்டால் செங்கரும்பு சொன்ன முருங்கைக்காய்க் கதைதான்.

அன்னக்கூடை | ஜூலை 17, பிற்பகல் 3.30

பாபநாசம் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். தட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன்.

டீச்சர், ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய், நடுநிலைக்கு 75 கிராம். உங்கள் 45 பேருக்கு 2 கிலோ 250, 35 பேருக்கு 2 கிலோ 625. ஆக ஏறத்தாழ 5 கிலோ, ஒரு நாளைக்கு. ஒரு குழியில் விளைவதை வைத்து வாரம் முழுவதும் அடுப்பு எரிக்க முடியாது. அப்படி யாராவது அறிக்கை எழுதினால் நம்பாதீர்கள். 2019இல் மத்திய அரசு பள்ளித் தோட்டத்துக்கு நெறிமுறை வெளியிட்டபோது எங்களுக்கும் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். விளைவது மதிய உணவில் சேர வேண்டும் என்பது சரியான யோசனைதான். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் காய் வாங்கும் செலவு எவ்வளவு குறைந்தது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு முள்ளங்கி விளைந்தால் ஐம்பது ரூபாயைக் குறைப்பது என்ன நியாயம்? தோட்டக் காய் எங்களுக்குக் கொடுக்கும் காய்க்கு மேலாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது. இதை உங்கள் தலைமையாசிரியரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கீரையை ஒதுக்குவார்கள். தட்டு கழுவும் இடத்தில் பச்சைப் பச்சையாகக் கிடக்கும், பார்க்கவே வயிறெரியும். ஒரு முறை இரண்டு பாத்தி முளைக்கீரை போட்டார்கள். 25 நாளில் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். எந்த வகுப்பு விதைத்ததோ அந்த வகுப்பை முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறினேன். ஒரு பிள்ளை ஒதுக்கவில்லை. மற்ற வகுப்புகள் சண்டைக்கு வந்தன. அடுத்த வாரம் கடையில் வாங்கிய கீரையைப் போட்டேன். பழையபடி தட்டு கழுவும் இடம் பச்சை. ஆகவே பழக்கம் மாறிவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கீரைக்கு மரியாதை அவர்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கை கழுவும் தண்ணீரை வீணாக்காதீர்கள். 80 பிள்ளை கை கழுவினால் இரண்டு வாழை வளரும். பக்கத்திலேயே சேப்பங்கிழங்கும் வைக்கலாம்.

ஆரைக்கீரை | ஜூலை 17, இரவு 11.10

அன்னக்கூடை அக்கா, "அவர்கள் கீரைக்கு மரியாதை" என்பதை இரண்டு முறை படித்தேன்.

எல்லாரும் விதைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். விதைக்காமல் வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் அப்பாயி நடவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மடியில் கீரை இருக்கும். வரப்பில் பொன்னாங்கண்ணி, வாய்க்கால் ஓரம் வல்லாரை, சேற்றுக்குள் ஆரை. ஆரைக்கீரைக்கு ஒரே காம்பில் நான்கு இலை, கூட்டல் குறி போல. பூக்காது, காய்க்காது. நெல்லோடு நெல்லாகத் தண்ணீரில் நிற்கும் பெரணி இனம் அது. ஏழாம் வகுப்புக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? என் புனைபெயருக்குக் காரணமும் அதுதான். கல்லூரியில் தாவரவியல் வாத்தியார் "மார்சீலியா" என்று படம் போட்டபோது, "இது எங்கள் வீட்டுக் குழம்பு" என்று சத்தமாகச் சொல்லித் திட்டு வாங்கினேன்.

ஒரு பாத்தியை விதைக்காமல் விட்டுவையுங்கள். என்னென்ன முளைக்கிறது என்று பிள்ளைகள் எழுதட்டும். குப்பைக்கீரை வரும், கரிசலாங்கண்ணி வரும், மணத்தக்காளியைக் காக்கை கொண்டுவந்து போடும். பெயர் தெரியாததை வீட்டில் காட்டிக் கேட்டு வரச் சொல்லுங்கள். யார் வீட்டில் பதில் அதிகம் கிடைக்கிறது என்று பாருங்கள். செங்கரும்பு சொன்ன தெருவிலிருந்துதான் வரும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: கண்ட வரப்பில் பறித்துத் தின்னக் கொடுக்காதீர்கள். இப்போது களைக்கொல்லி அடிக்காத வரப்பு குறைவு. அப்பாயி போன வரப்புகளில் இன்று ஆரை இல்லை. ஏன் இல்லை என்பதும் பாடம்தான், கொஞ்சம் கசப்பான பாடம்.

மண்மாதிரி | ஜூலை 18, காலை 7.00

வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். நீளமாக எழுதும் வழக்கம் உண்டு, பொறுத்துக்கொள்க.

காய்கறி போடுவது சரி. நெல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிள்ளைகளுக்கு நெல் வேலை தெரியும் என்று டீச்சர் எழுதினார். வேலை தெரிவது வேறு, ஒரு பயிரை விதை முதல் சோறு வரை கண்ணெடுக்காமல் பார்ப்பது வேறு. ஒரு பழைய சிமெண்ட் தொட்டி போதும். சேறு குழைத்து, ஒரே ஒரு நாற்று, அதுவும் 14 நாள் இளம் நாற்று, தொட்டியின் நடுவில் வையுங்கள். திருந்திய நெல் சாகுபடியில் செய்வது போலத்தான். வாரம் ஒரு முறை தூர், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளை, எண்ணட்டும். ஒன்று மூன்றாகும், மூன்று ஒன்பதாகும். கண்ணெதிரே பெருக்கல் நடக்கும்.

நான் ஒரு பள்ளியில் இதைச் செய்துவைத்தேன். அறுவடையில் 27 கதிர். ஒரு கதிரில் சராசரியாக 110 மணி. ஆக 2,970 மணி, ஒற்றை விதையிலிருந்து. பிள்ளைகள் கைதட்டினார்கள். உடனே அடுத்த கேள்வியைக் கேட்டேன்: இது ஒரு வேளைச் சோற்றுக்குக் காணுமா? ஆயிரம் மணி 20 முதல் 25 கிராம் இருக்கும். அப்படியென்றால் மொத்தம் 60 கிராமுக்கு மேல் நெல். அரைத்தால் மூன்றில் இரண்டு பங்கு அரிசி, சுமார் 40 முதல் 50 கிராம். சத்துணவில் சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. இவ்வளவு நன்றாக வந்த குத்தே ஒரு தட்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டும். நான்கு மாதம் எண்ணி எண்ணி வளர்த்தது அரைத் தட்டுச் சோறு! வகுப்பு அமைதியாகிவிட்டது. சோற்றை வீணாக்காதே என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை.

பூச்சி. பயப்படாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். பள்ளி வளாகத்துக்குள் எந்த விஷ டப்பாவும் வரக் கூடாது. கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் கிள்ளி எடுத்துப் பிளந்து காட்டுங்கள். உள்ளே புழு இருக்கும். அவரையில் மார்கழி, தை மாதங்களில் கறுப்பாக அசுவினி அப்பும். இரண்டு நாள் பொறுத்தால் பொறிவண்டு வரும். அதன் புழு பார்க்க அசிங்கமாக, முள்முள்ளாக, குட்டி முதலை போல இருக்கும். பிள்ளைகள் முதலில் நசுக்குவது அதைத்தான். அசுவினியைத் தின்பதில் அம்மா அப்பாவுக்கு அது சளைத்ததே இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். பெயர்ப்பலகைக்குச் செலவு செய்ததில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

பாம்பு பற்றி யாரும் எழுதவில்லை. நம் பகுதியில் எழுதியே ஆக வேண்டும். மூடாக்கு இலையைக் கையால் கிளறக் கூடாது, குச்சியால்தான். செங்கல், ஓடு, விறகு எதையும் தோட்டத்தருகே குவிக்காதீர்கள்.

உப்பளத்தான் | ஜூலை 18, இரவு 9.30

வேதாரண்யம் பக்கம் உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம். எங்களுக்குக் களிமண் இல்லை, மணல். நிற்காத தண்ணீர்தான் எங்கள் தொல்லை. அடிகுழாய்த் தண்ணீர் சில இடங்களில் உவர்ப்பு. முதலில் ஒரு பாத்தியில் ஊற்றிப் பாருங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பள்ளி மரங்கள் எல்லாம் சாய்ந்தன. அடுத்த வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து நட்டது முருங்கைப் போத்து. மா எப்போது காய்க்கும், தென்னை எப்போது காய்க்கும் என்று காத்திருக்கும் மனநிலை அப்போது யாருக்கும் இல்லை. அடுத்த ஆண்டே சாம்பாரில் அதன் காய் கிடந்தது.

கடைமடை டீச்சர் | ஜூலை 19, இரவு 8.50

மண்மாதிரி ஐயாவின் அரைத் தட்டுக் கணக்கை ஏழாம் வகுப்பில் இன்றே சொல்லிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவர்களே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

என் பெரிய கவலை ஒன்று பாக்கி. ஏப்ரலில் பள்ளி மூடும். சித்திரை, வைகாசி வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது? அதோடு மே மாதக் கலந்தாய்வில் எனக்கே பணிமாறுதல் வந்துவிடலாம். நானறிந்த பள்ளித் தோட்டங்களில் பாதி, ஆசிரியரோடு பஸ் ஏறிப் போனவை.

வெண்ணாற்றான் | ஜூலை 20, காலை 5.40

டீச்சர், வெயில் காலத்தில் நாங்கள் வயலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோமா?

மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. உங்கள் பள்ளி திறப்பதும் அதையொட்டித்தான். வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். உங்களுக்கும் பாடப்புத்தகம் கொடுத்து, வகுப்பு நிலைப்பட ஆடி பிறந்துவிடும். ஆடிப்பட்டத்தில் அவரை, சுரை, பீர்க்கு, வெண்டை. கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கும். அடைமழையில் கீரை விதைக்காதீர்கள், அடித்துக்கொண்டு போகும். மார்கழியில் மறுபடி கீரை, முள்ளங்கி. தையில் நாங்கள் என்ன செய்கிறோம்? சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிட்டு வருகிறோம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதில்லை. களிமண்ணின் மிச்ச ஈரமும் பனியும் போதும், 70 நாளில் கைக்கு வந்துவிடும். நீங்களும் தையில் பாத்தியை நன்றாக நனைத்து உளுந்து தெளியுங்கள். பங்குனியில் பறித்து, தட்டி, உமி ஊதி, பள்ளி மூடுவதற்கு முன் ஒரு நாள் உங்கள் சத்துணவு அக்காவிடம் கொடுத்து வடை சுடச் சொல்லுங்கள். அதன் பிறகு குழியைக் கொத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள். வெயில் காயட்டும். வயலுக்கு ஓய்வு உண்டென்றால் தோட்டத்துக்கும் உண்டு. காய்ந்த தோட்டத்தைப் பார்த்து யாராவது குறை சொன்னால், வைகாசியில் எந்த வயல் பச்சையாக இருக்கிறது என்று கேளுங்கள்.

வேலியோரம் அகத்தி, கறிவேப்பிலை, மேட்டில் முருங்கை. இவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். முருங்கையைத் தாழ்வில் வைக்காதீர்கள், தண்ணீர் நின்றால் செத்துவிடும்.

விதைக்கு அலைய வேண்டாம். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்துமிருக்கிறேன். பிள்ளைக்குப் பத்து அவரை விதை கொடுத்து அனுப்புங்கள். அடுத்த ஆடியில் இருபது கொண்டுவரட்டும். நீங்கள் மாறுதலில் போனாலும் விதை ஊரில் இருக்கும்.

செங்கரும்பு | ஜூலை 20, இரவு 9.00

உளுந்து யோசனை அருமை. நான் இங்கே சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதை மறந்தே போயிருக்கிறேன். அம்மா உளுந்துச் செடி பறித்த கைகளோடு சோறு ஊட்டுவார், ஒரு பச்சை வாசம் வரும்.

ஆனாலும் என் நிபந்தனைகளை விட மாட்டேன். தோட்ட வேலை தண்டனையாக ஒருபோதும் வரக் கூடாது. "வீட்டுப்பாடம் எழுதவில்லையா, போய்த் தண்ணீர் ஊற்று" என்ற வாக்கியம் ஒரு முறை வந்தாலும் தோட்டம் செத்தது. முறைப் பட்டியல் அகர வரிசையில் போகட்டும், எழுந்து நிற்பவர்களை வைத்துப் போகக் கூடாது. பட்டியலில் ஆசிரியர்கள் பெயரும் இருக்க வேண்டும், தலைமையாசிரியர் உட்பட. கடைசியாக, இது ஒருவருடைய அம்மாவின் வேலை என்பதை வகுப்பில் மரியாதையோடு சொல்லுங்கள். கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு குத்து என்று ஐயா கணக்குப் போட்டார். அந்த இரண்டு குத்தை நட்ட கைக்கு எவ்வளவு கிடைத்தது என்றும் ஒரு கணக்கு உண்டு.

மண்மாதிரி | ஜூலை 21, காலை 6.30

அந்தக் கணக்கை நான் 31 ஆண்டில் ஒரு முறையும் போடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

புது ஆறு | ஜூலை 21, காலை 11.00

நானும் என் முதல் பதிவின் தொனியைத் திரும்பப் பெறுகிறேன். பூதக்கண்ணாடிக்கும் விதைக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்கிறேன். பலகையில் என் பெயர் வேண்டாம். பலகையே வேண்டாம்.

கடைமடை டீச்சர் | ஜனவரி 24, இரவு 9.15

ஆறு மாதம் கழித்து வருகிறேன். பாதி நல்ல செய்தி.

குழியைப் பிள்ளைகள் கயிறு வைத்து அளந்தார்கள். முதல் அளவில் 12 அடிக்கு 11 அடி வந்தது. சண்டை போட்டு மறுபடி அளந்தார்கள். பழைய பலகையைப் பெயர்த்துப் பந்தல்கால் ஆக்கினோம். மீன்கொத்திக்கு வருத்தம். மேட்டுப்பாத்தி மழையைத் தாங்கியது. நடைபாதையில் கணுக்கால் தண்ணீர் ஓடியபோதும் மேலே வெண்டை நின்றது. சுரை முதல் பூவெல்லாம் ஆண் பூவாகப் பூத்து ஏமாற்றியது. "டீச்சர், இது பொய்ப் பூ" என்று எட்டாம் வகுப்பே முடிவு கட்டிவிட்டது. பிறகு அடியில் குட்டிச் சுரையோடு பெண் பூ வந்த நாளில் மகரந்தச் சேர்க்கைப் பாடத்தை நான் நடத்தவே இல்லை, அவர்கள் நடத்தினார்கள்.

ஆடாதொடை பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஒரு ஆடு அதைத் தாண்டிக் குதித்தது. தாண்டுவதற்குப் பெயரில் தடை இல்லை போலும்.

விதைக்காத பாத்தியில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை 19 செடிகள் எழுதியிருக்கிறார்கள். ஆரைக்கீரை பந்தயத்தில் வென்றார். 12 பெயர்கள் ஒரே பாட்டியிடமிருந்து வந்தன. சென்ற ஆண்டு "நான் குனிந்தது போதும்" என்று சொன்ன அம்மாவின் தாயார் அவர். அவரை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தேன். வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் முதலில் உட்காரவில்லை. பேத்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்மா வரவில்லை. நடவு நாள் என்று சொல்லியனுப்பினார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

தொட்டி நெல் 22 தூர் கட்டியது. கதிரில் பாதியை எலி தின்றது. அரைத் தட்டு எங்களுக்குக் கால் தட்டு ஆயிற்று. எலிக்கும் ஒரு பங்கு போட்டுப் பெருக்கல் செய்தோம்.

சத்துணவு அக்காவிடம் இதுவரை மூன்று முறை காய் கொடுத்தோம். செலவைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, இதுவரை. நேற்று பாத்திகளை நனைத்து உளுந்து தெளித்தோம்.

அன்னக்கூடை | ஜனவரி 25, பிற்பகல் 2.10

வடைக்கு எண்ணெய் யார் வாங்கித் தருவது என்று இப்போதே பேசிவையுங்கள் டீச்சர். எங்கள் எண்ணெய் அளவு உங்களுக்குத் தெரியுமே.

செங்கரும்பு | ஜனவரி 25, இரவு 10.00

எண்ணெய் என் பொறுப்பு. பட்டியல் என்ன ஆயிற்று? தலைமையாசிரியர் பெயர் இருக்கிறதா?

கடைமடை டீச்சர் | ஜனவரி 26, காலை 7.20

இருக்கிறது. புதன்கிழமை அவர் முறை. கணக்கு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வாரமே இறங்கிவிட்டார். தலைமையாசிரியர் இந்த மாதம் போன மூன்று புதன்களில் ஒரு முறை வந்தார். ஒரு வாளி ஊற்றிவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், இன்னும் இரண்டு வாளி இருக்கிறது" என்றான்.